அல்சூரில் கேட்டாலும் அதே அர்த்தம்தானா? தமிழ் உளவியல் கேள்வித்தாளைச் சோதிக்கும் முறை

"இந்த ஸ்கேலின் நம்பகத்தன்மை 0.84 என நிறுவப்பட்டுள்ளது." பெங்களூரில் உளவியல் படிக்கும் தமிழ் மாணவர்களின் டிசர்டேஷனில் இந்த வரி எப்படியும் வந்துவிடும். ஸ்கேல் என்பது மதிப்பெண் போடும் கேள்வித்தாள்; நம்பகத்தன்மை என்பது அதன் ஸ்கோர் எவ்வளவு தடுமாறாமல் வருகிறது என்பதைச் சொல்லும் எண், 1ஐ நெருங்க நெருங்க நல்லது. நிறுவியது யார், எந்த மொழியில், யாரைக் கேட்டு என்று கிளறினால், எங்கோ வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் ஆங்கிலத்தில் நிரப்பிய தாள்களிலிருந்து வந்த எண்ணாக இருக்கும். ஸ்ரீராம்புரத்தில் வீட்டு வேலை பார்க்கும் ஒரு அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக்காட்டி வாங்கிய பதில்களுக்கு அந்த எண்ணைச் சான்றாக வைக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டி நமக்கு மருந்து கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நம்பகத்தன்மை தாளோடு அச்சாகி வருவதில்லை. இன்ன ஆட்களிடம், இன்ன முறையில் கேட்டு வாங்கிய ஸ்கோர்களுக்கு உரியது அது. வகுப்பில் வாலிடிட்டி என்று சொல்லும் ஏற்புடைமையும் அப்படியே. அமெரிக்காவின் மூன்று கல்வி, உளவியல் அமைப்புகள் சேர்ந்து 2014இல் வெளியிட்ட தரநெறிகளின்படி, ஏற்புடைமை என்பது ஸ்கோருக்கு நாம் கொடுக்கும் பொருளைப் பற்றியது. தேர்வு வெறுமனே 'ஏற்புடையது' ஆகிவிடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல ஆட்டோ மீட்டர் போதும். சூடு வைத்த மீட்டர் மெஜஸ்டிக்கிலிருந்து அல்சூருக்குத் தினமும் ஒரே தொகையைத்தான் காட்டும். நம்பகத்தன்மையில் குறை சொல்ல முடியாது. தொகைதான் தூரத்துக்கு உரியது இல்லை.

பெங்களூருக்கு வேலைக்கு வந்த தமிழர்களின் தனிமையை அளக்க 12 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 36. கீழே இந்தத் தாளை வைத்து வரும் எண்களெல்லாம் கணக்குப் புரிவதற்கான எடுத்துக்காட்டுகளே.

படிப்பவரா, கேட்பவரா

பெங்களூர்த் தமிழர் ஒரே கூட்டம் இல்லை. அல்சூர், சிவாஜிநகர், விவேக்நகர் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பங்களில், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ படித்தவர்கள் நிறைய. தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பார்கள், அல்லது படிக்கவே வராது. எலக்ட்ரானிக் சிட்டி பிஜியில் தங்கியிருக்கும் திருநெல்வேலிப் பையனுக்கோ தமிழ் தண்ணீர் பட்ட பாடு. இருவரிடமும் ஒரே அச்சுத் தாளை நீட்டினால், பையனிடம் தனிமையையும் மற்றவரிடம் வாசிப்பையும் அளந்துகொண்டிருப்போம்.

"தமிழ் படிப்பீங்களா?" என்று கேட்டால் கூச்சத்தில் "படிப்பேன்" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள். தாளின் முன்னுரையில் இரண்டு வரியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தடுமாறுகிறவருக்கு நீங்கள் வாசித்துக்காட்டுங்கள். யார் தானே படித்தார், யாருக்கு வாசித்துக்காட்டினோம் என்பதற்கு டேட்டா ஷீட்டில் தனிப் பத்தி ஒன்று வேண்டும். பிறகு இரு பிரிவுக்கும் எண்களைத் தனித்தனியே போட இதுதான் ஆதாரம். விட்டுவிட்டால் நினைவிலிருந்து நிரப்ப முடியாது.

வாசித்துக்காட்டுபவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். அச்சில் உள்ளபடி வாசிக்க வேண்டும். புரியவில்லை என்றால் அதையே மறுபடி வாசிக்கலாம், விளக்கக் கூடாது. "அதாவதும்மா..." என்று தொடங்கிய நொடியில் கேள்வி வேறாகிவிடுகிறது, அதுவும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக. நான்கு விடைகளையும் கேட்பவர் மனத்தில் வைத்துக்கொள்வது கடினம். நான்கு டம்ளர் வரைந்த அட்டை ஒன்றைக் கையில் கொடுங்கள். முதலாவது காலி, கடைசி ததும்பும் அளவு. அட்டையைத் தானே படிப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு முறைக்கும் நடுவில் நாமே புது வித்தியாசத்தைப் புகுத்தியதாகிவிடும்.

ஆட்களை எங்கே பிடிப்பது என்பதும் இதில் சேர்த்திதான். அல்சூர் ஏரிப் பக்கம் உள்ள தமிழ்ச் சங்கத்துக்கு வருபவர்களை மட்டும் கேட்டால் காரியம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் அங்கே கிடைப்பவர்கள் தமிழில் பிடிப்புள்ளவர்கள், நாலு பேரோடு பழகுகிறவர்கள். தனிமையை அளக்கக் கூட்டம் சேருகிற இடத்துக்குப் போவதில் உள்ள முரணைச் சொல்லவே வேண்டாம்.

மொழிபெயர்ப்பில் இருக்கும் குழிகள்

வெளியிலிருந்து ஒரு ஸ்கேலை எடுப்பதானால் முதலில் உரிமையைப் பாருங்கள். 2001இல் வெளியான பிஎச்க்யூ-9 மனச்சோர்வுக் கேள்வித்தாளை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். பெக் மனச்சோர்வு அட்டவணை காசு கொடுத்து வாங்க வேண்டியது. சீனியரிடமிருந்து வந்த ஜெராக்ஸ் பிரதியை நம்ப வேண்டாம். நாலு கை மாறியதில் ஒரு வாக்கியமோ மதிப்பெண் முறையோ விழுந்திருக்கும். அதிகாரபூர்வத் தமிழ் வடிவம் இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் புதிதாக மொழிபெயர்க்க உட்கார வேண்டும்.

இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்க்கட்டும். ஒருவர் உளவியல் தெரிந்தவர், மற்றவர் தெரியாதவர், இரண்டாமவர் பெங்களூரிலேயே வளர்ந்தவராக இருந்தால் நல்லது. இரண்டையும் வைத்து ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்புங்கள். பிரிஸ்லின் என்ற ஆய்வாளர் 1970இல் எழுதியதிலிருந்து இந்த மறுமொழிபெயர்ப்பு எல்லா எதிக்ஸ் கமிட்டியும் கேட்கும் சடங்காகிவிட்டது. தேவைதான், ஆனால் இது எளிதில் ஏமாற்றும். சொல்லுக்குச் சொல் பெயர்த்த விறைப்பான தமிழ்தான் ஆங்கிலத்துக்கு அச்சு அசலாகத் திரும்பும். சோகத்தைச் சொல்லும் "ஐ ஃபெல்ட் ப்ளூ" என்ற ஆங்கில வாக்கியத்தை "நான் நீலமாக உணர்ந்தேன்" என்று எழுதினால் மறுமொழிபெயர்ப்பு நூற்றுக்கு நூறு, தமிழ் பூஜ்யம்.

உண்மையான சோதனை, ஆட்களை உட்காரவைத்து ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்பது. 8 முதல் 10 பேர் போதும். வயது, படிப்பு, பெங்களூரில் இருந்த காலம் எல்லாம் கலந்திருக்கட்டும். பதில் வாங்கியதும் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இதை உங்க வார்த்தையில சொல்லுங்க", "எந்த நாளை நினைச்சு இந்தப் பதில் சொன்னீங்க?" பத்தில் மூன்று பேர் வேறு மாதிரி புரிந்துகொண்டால் வாக்கியத்தை மாற்றி, புதிதாக ஐந்து பேரிடம் மறுபடி கேளுங்கள். அலமாரியில் இருக்கும் எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காததை இந்த இரண்டு நாள் வேலை காட்டிக்கொடுக்கும். மூன்று நான்கு குழிகளைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

பேஜார். சென்னையில் "பேஜார் பண்ணாதே" என்றால் தொல்லை தராதே. கன்னடத்தில் பேஜாரு என்றால் சலிப்பு, மனவருத்தம். பெங்களூர்த் தமிழரின் வாயில் "பேஜாரா இருக்கு" கன்னடப் பொருளிலும் வரும். பேச்சு வழக்காக இருக்கட்டும் என்று இந்தச் சொல்லைத் தாளில் போட்டால், மூன்று தலைமுறைக் குடும்பம் சோகத்துக்கும், போன மாதம் சென்னையிலிருந்து வந்தவர் எரிச்சலுக்கும் மதிப்பெண் போடுவார்கள்.

பாதி நாள். பிஎச்க்யூ-9இன் விடைகளில் ஒன்று, இரண்டு வாரத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அந்தத் தொல்லை இருந்தது என்பது. அதை "பாதி நாளுக்கு மேல்" என்று சுருக்கி வாசித்தால், அரை நாளுக்கு மேல், அதாவது மத்தியானத்துக்குப் பிறகு என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். "எனக்குச் சாயங்காலம்தான் வரும்" என்று பதில் வந்தால் இதுதான் காரணம். "பதினாலு நாளில் ஏழு நாளுக்கு மேல்" என்று எண்ணாகவே வைத்தால் குழப்பம் இல்லை.

நம்பிக்கை. எதிர்காலத்தில் பிடிப்பில்லாத நிலையைச் சொல்ல "நம்பிக்கையில்லாமல் இருந்தேன்" என்று எழுதினால், சிலருக்கு அது சாமி நம்பிக்கை. "தினமும் விளக்கு ஏத்துறேனே!" என்று கோபித்துக்கொள்வார்கள். "இனிமேல் எதுவும் சரியாகாது என்று தோன்றியது" என்பது நீளம்தான், ஆனால் வேறு பொருள் தராது.

எல்லாவற்றையும்விட மோசமான குழி 'இல்லை'. வாசித்துக்காட்டும்போது நடப்பது இது:

"மனசுவிட்டுப் பேச ஆள் இல்லைன்னு தோணுச்சாம்மா?"

"இல்லப்பா."

ஆள் இல்லை என்கிறாரா, அப்படித் தோன்றவில்லை என்கிறாரா? தமிழில் இரண்டுக்கும் ஒரே பதில்தான். கேள்வி கேட்டவர் 0 போடுவார், பதில் சொன்னவர் 3ஐ நினைத்திருக்கலாம். வாக்கியத்தை "பேச ஆளுக்காக ஏங்கினேன்" என்று எதிர்மறை இல்லாமல் மாற்றுங்கள்; பதிலையும் ஆமாம், இல்லை என்று வாங்காமல் டம்ளரைத் தொட்டுக்காட்டச் சொல்லுங்கள்.

வாக்கியங்கள் தேறியதும், தனிமை பற்றித் தெரிந்த ஆறு வல்லுநர்களிடம் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பொருத்தம் என்று 1 முதல் 4 வரை மதிப்பிடச் சொல்லுங்கள். 3 அல்லது 4 கொடுத்தவர்களின் விகிதம் அந்த வாக்கியத்தின் உள்ளடக்க ஏற்புடைமைக் குறியெண். ஆறு பேர் என்றால் லின் என்ற ஆய்வாளர் 1986இல் வைத்த எல்லை 0.78: ஐந்து பேர் ஒப்புக்கொண்டால் 0.83, தேறியது, நான்கு பேர் என்றால் 0.67, தேறவில்லை. ஐந்து அல்லது அதற்கும் குறைவான வல்லுநர்கள் என்றால் அனைவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். எதை விட்டுவிட்டோம் என்றும் அவர்களிடம் கேளுங்கள். பெரும்பாலான படிவங்களில் அந்தக் கேள்வியே இருப்பதில்லை.

ஆல்பாவை எப்படிப் படிப்பது

30 முதல் 50 பேரிடம் ஒரு பைலட், அதாவது முன்னோட்டச் சுற்று, பிறகு முதன்மைச் சுற்றுக்கு 200 பேராவது. பதில்களை ஒரு ஆளுக்கு ஒரு வரிசை, ஒரு வாக்கியத்துக்கு ஒரு பத்தி என்று ஏற்றுங்கள். மொத்தத்தை மட்டும் ஏற்றினால் எந்தக் கணக்கும் போட முடியாது. ஜமோவி இலவச மென்பொருள். அதன் ஃபேக்டர் மெனுவில் ரிலையபிலிட்டி அனாலிசிஸ் இருக்கிறது. வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்துபோகின்றன என்பதிலிருந்து நம்பகத்தன்மையைக் கணிக்கும் ஆல்பா, ஒமேகா இரண்டையும், வாக்கியத்துக்கும் மற்றவற்றின் மொத்தத்துக்கும் உள்ள ஒட்டுறவையும் (கோரிலேஷன், இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற எண்) டிக் செய்யுங்கள்.

கிரான்பாக் 1951இல் கொடுத்த ஆல்பாவைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கடைசியில் சொன்ன ஒட்டுறவுப் பட்டியலை. 0.30க்கு மேல் இருந்தால் நல்லது, 0.20க்குக் கீழே போனால் அந்த வாக்கியத்தை எடுத்துப் படியுங்கள். கழித்தல் குறி வந்திருந்தால் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. "என்னைப் புரிந்துகொள்பவர்கள் இங்கே இருக்கிறார்கள்" போன்ற நேர்மறை வாக்கியத்தின் மதிப்பெண்ணை, 0ஐ 3 ஆக, 1ஐ 2 ஆகத் திருப்ப மறந்திருப்பீர்கள். அல்லது மேலே சொன்ன 'இல்லை' விவகாரம். முதலாவதைத் திருத்திவிடலாம். இரண்டாவதைத் திருத்த முடியாது, அந்த வாக்கியத்துக்குக் கிடைத்த பதில்கள் போனவைதான்.

ஆல்பா பெரிதாக இருப்பதாலேயே வாக்கியங்கள் ஒரே விஷயத்தை அளக்கின்றன என்று ஆகாது. வாக்கியங்களுக்கு இடையே சராசரி ஒட்டுறவு 0.20 இருந்தால் 12 வாக்கியங்களுக்கு ஆல்பா ஏறக்குறைய 0.75. ஒட்டுறவை 0.10க்கு இறக்கி வாக்கியங்களை 30 ஆக்கினால் 0.77! தொடர்பு பாதியாகக் குறைந்திருக்கிறது, எண் ஏறியிருக்கிறது. நீளம் செய்யும் வேலை இது. மறுபக்கம், 0.95க்கு மேல் வந்தால் ஒரே வாக்கியத்தை வேறு வேறு சொல்லில் கேட்டிருக்கிறோமா என்று சந்தேகப்பட வேண்டும். "தனியாக இருந்தேன்", "தனிமையில் இருந்தேன்", "தனித்து விடப்பட்டேன்" மூன்றையும் போட்டால் ஆல்பா எகிறும். பதில் சொல்பவர்தான் "இதத்தானே இப்ப சொன்னேன்" என்று முகம் சுளிப்பார்.

0.70 வந்தால் பாஸ் என்பது கைடுகள் வாயில் புழங்கும் விதி. உளவியல் அளவீட்டு நூல் எழுதிய நன்னலி அந்த எல்லையை ஆராய்ச்சியின் தொடக்கக் கட்டத்துக்குத்தான் சொன்னார். ஒரு தனி மனிதரைப் பற்றி முக்கிய முடிவெடுக்க 0.90 குறைந்தபட்சம், 0.95 விரும்பத்தக்கது என்பதும் அவர் சொன்னதே. பின்பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

நீளத்தைக் குறைக்க நினைத்தால் ஸ்பியர்மேன்-பிரவுன் சூத்திரம் முன்கூட்டியே விடை சொல்லிவிடும். இருவரும் தனித்தனியே 1910இல் கண்டது. 12 வாக்கியத் தாளின் நம்பகத்தன்மை 0.84 என்றால், அதே தரத்தில் ஆறாகக் குறைத்தால் 0.72, இருபத்துநான்காக்கினால் 0.91. பின்னதற்காக ஒரு மணி நேரம் ஒருவரைப் பிடித்து வைக்கத் தகுமா என்பது உங்கள் பாடு.

கடைசியாக, அந்தத் தனிப் பத்தி. தானே படித்தவர்களுக்கு 0.86, வாசித்துக் கேட்டவர்களுக்கு 0.61 என்று வந்தால், இரண்டையும் கலந்து 0.79 என்று அறிக்கை எழுதுவது பொய்யில்லாத பொய். எந்த வாக்கியத்தில் விழுகிறது என்று இரண்டாம் பிரிவின் பட்டியலைப் பாருங்கள். அதற்கு முன் திட்ட விலக்கத்தையும், அதாவது ஸ்கோர்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதையும் பாருங்கள். எல்லோரும் 22 முதல் 24 வயது, ஒரே பிஜி, ஒரே கம்பெனி என்றால் ஸ்கோர்கள் நெருங்கிக் கிடக்கும். தாளில் குறை இல்லாமலேயே நம்பகத்தன்மை குறைந்து தெரியும்.

மறுபடி கேட்பது

ஆல்பா ஒரே நாளின் படம். நாளைக்குக் கேட்டாலும் இதே ஸ்கோர் வருமா என்பது வேறு கேள்வி, அதற்கு அதே ஆட்களிடம் இரண்டாம் முறை போக வேண்டும். குறைந்தது 50 பேர். முதல் சுற்றில் 70 பேரிடம் போன் நம்பர் வாங்கினால்தான் 50 தேறும், ஏனென்றால் பிஜி மாறுவார்கள், நம்பர் மாறும்.

இரண்டு வார இடைவெளி வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். கேள்வித்தாளே "கடந்த இரண்டு வாரத்தில்" என்று கேட்டால், இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்கும்போது முற்றிலும் வேறு இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கிறோம். அது தாளின் நிலைத்தன்மையையும் வாழ்க்கையின் நிலைத்தன்மையையும் சேர்த்து அளக்கும். பிஎச்க்யூ-9ஐ உருவாக்கியவர்கள் 48 மணி நேரத்துக்குள் தொலைபேசியில் மறுபடி கேட்டார்கள், ஒட்டுறவு 0.84. பத்து நிமிடத்தில் கேட்டால் நினைவிலிருந்து சொல்வார்கள், ஒரு மாதம் கழித்தால் ஆளே மாறியிருப்பார். காலண்டரையும் பாருங்கள். முதல் சுற்று பொங்கலுக்கு முந்தைய வாரம், இரண்டாவது ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு என்றால், தனிமை ஸ்கோர் இறங்கியதற்குத் தாளைக் குறை சொல்ல முடியாது.

கணக்குக்குப் பியர்சன் ஒட்டுறவு போதாது. எல்லோருக்கும் இரண்டாம் முறை சரியாக 3 கூடினாலும் பியர்சன் 1.00 என்றுதான் காட்டும், வரிசை மாறாததால். ஐசிசி என்ற உள்வகுப்பு ஒட்டுறவைப் போடுங்கள், அதிலும் ஒரே மதிப்பெண் வருகிறதா என்று பார்க்கும் முழு உடன்பாட்டு வகையை. ஷ்ரவுட், ஃப்ளைஸ் இருவரும் 1979இல் ஆறு வகை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எது என்று எழுதாமல் வெறும் 'ஐசிசி 0.81' என்றால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஆர் மென்பொருளின் சைக் தொகுப்பு ஆறையும் சேர்த்தே காட்டும்.

நம்பகத்தன்மை எண்ணை வைத்து, ஒரு மனிதரின் ஸ்கோர் எவ்வளவு முன்பின் ஆகலாம் என்று சொல்வது திட்டப் பிழை. திட்ட விலக்கத்தை, 1லிருந்து நம்பகத்தன்மையைக் கழித்ததன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். திட்ட விலக்கம் 6, நம்பகத்தன்மை 0.84 என்றால் 6 × 0.4, அதாவது 2.4. 95 சதவீத உறுதிக்கு அதை 1.96ஆல் பெருக்கினால் 4.7. ஒருவர் 18 வாங்கினால் அவர் உண்மையில் 13க்கும் 23க்கும் நடுவில் எங்கோ இருக்கிறார். இரண்டு முறை எடுத்த ஸ்கோர்களின் வித்தியாசத்துக்கு இன்னும் கடுமை: 2.4ஐ 1.41ஆலும் 1.96ஆலும் பெருக்க, ஏறக்குறைய 6.7. கவுன்சலிங்குக்குப் பிறகு 18 என்பது 14 ஆனதை முன்னேற்றம் என்று கோப்பில் எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போடுங்கள்.

சொன்னதைத்தான் அளக்கிறதா

ஏற்புடைமைக்கு ஒற்றை எண் கிடையாது. சான்று சேர்க்க வேண்டும், வழக்கு நடத்துவது மாதிரி. "பார்த்தாலே தெரிகிறது, தனிமை பற்றித்தான் கேட்கிறது" என்ற முகத்தோற்ற ஏற்புடைமையைச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலில், எவற்றோடு சேர வேண்டும், எவற்றோடு சேரக் கூடாது என்று டேட்டா வருவதற்கு முன்பே எழுதித் தேதி போட்டு வையுங்கள். கேம்ப்பெல், ஃபிஸ்க் 1959இல் சொன்னதன் சாரம் இதுதான்: சேர வேண்டியதோடு சேர்ந்தால் மட்டும் போதாது, சேரக் கூடாததோடு விலகவும் வேண்டும். தனிமை ஸ்கோர் மனச்சோர்வு ஸ்கோரோடு ஓரளவு சேரும், 0.85 என்று ஒட்டிக்கொண்டால் புதிய தாள் எதற்கு? பள்ளியில் படித்த வருடங்களோடு 0.50 என்று சேர்ந்தால் எச்சரிக்கை மணி. வாசிப்பு, பெரிய சொற்கள், கேள்வித்தாள் பழக்கம் ஆகியவை தனிமையின் வேடத்தில் வந்திருக்கின்றன.

ஒட்டுறவு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் உடனே கோட்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். உண்மைத் தொடர்பு 0.60 என்றாலும், ஒரு தாளின் நம்பகத்தன்மை 0.84, மற்றதன் நம்பகத்தன்மை 0.70 என்றால் கைக்குக் கிடைப்பது 0.46தான். ஸ்பியர்மேன் 1904லேயே காட்டிய தேய்மானம் இது. நம்பகமற்ற தாளில் ஏற்புடைமையைத் தேடக் கூடாது என்று சொல்வதன் கணக்கு வடிவம்.

தெரிந்த இரு பிரிவுகளை ஒப்பிடுவது எளிய சோதனை. வந்து மூன்று மாதத்துக்குள் இருப்பவர்களும், பத்து வருடமாகக் குடும்பத்தோடு இருப்பவர்களும் ஒரே சராசரியைக் காட்டினால் தாள் எதையோ தவறவிடுகிறது. ஒப்பீட்டில் இரு பிரிவுக்கும் வாசிப்பு முறை ஒன்றாக இருக்கட்டும்.

இத்தனை மதிப்பெண் வந்தால் நோய் இருக்கலாம் என்று கட்-ஆஃப் வைக்கும் தாள் என்றால், பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளரின் நேர்காணலோடு ஒப்பிட வேண்டும். நேர்காணல் எடுப்பவர் ஸ்கோரைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டால் தாளைத் தாளோடே ஒப்பிட்டதாகும். நேர்காணல் எடுக்க இருவர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே உடன்பாடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 50 பேரில் ஒருவர் 7 பேரையும் மற்றவர் 5 பேரையும் 'உண்டு' என்கிறார்கள், இருவரும் சேர்ந்து சொன்னது 3 பேரை, 'இல்லை' என்று இருவரும் சொன்னது 41 பேரை என்றால் உடன்பாடு 88 சதவீதம். கேட்க இனிமை. தற்செயலாகவே 78.8 சதவீதம் ஒத்துப்போயிருக்கும் என்பதைக் கழித்தால், கோஹன் 1960இல் கொடுத்த கப்பா 0.43.

பிஎச்க்யூ-9க்கு மொத்தம் 27இல் 10 என்ற கட்-ஆஃப் வந்தது அமெரிக்கப் பொது மருத்துவ கிளினிக்குகளில். அங்கே நோய் உள்ளவர்களில் 88 சதவீதத்தைப் பிடித்தது, இல்லாதவர்களில் 88 சதவீதத்தை விலக்கியது. இதையே ஒரு ஐடி கம்பெனியில் 1,000 பேரிடம் கொடுப்பதாகவும், அவர்களில் 50 பேருக்கு உண்மையில் மனச்சோர்வு இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். தாள் 44 பேரைப் பிடிக்கும். கூடவே நோய் இல்லாத 950 பேரில் 114 பேரையும் பிடிக்கும். 10ஓ அதற்கு மேலோ வாங்கிய 158 பேரில் உண்மையானவர்கள் நூற்றுக்கு 28 பேர்தான். இந்த ஸ்கோரை எச்ஆர் கையில் கொடுப்பதற்கு எதிரான வாதம் இதைவிடச் சுருக்கமாக இல்லை.

அந்தத் தாளின் ஒன்பதாம் கேள்வி, செத்துவிட்டால் நல்லது, அல்லது தன்னையே காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. அதைச் சேர்த்துக் கேட்பதானால் தாள்களை அன்று மாலையே புரட்டிப் பார்க்க வேண்டும். பையில் போட்டுவைத்து மாதக் கடைசியில் ஏற்றும் வேலை இங்கே ஆகாது. 0 தவிர எது வந்தாலும் யார் பேசுவது, யாரிடம் அனுப்புவது என்று எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதும்போதே முடிவாகியிருக்கட்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். பதில் சொல்பவர் ஒவ்வொருவர் கையிலும் அந்த எண் உள்ள சீட்டு இருக்க வேண்டும்.

அறிக்கையில் எழுதுவது

"நம்பகத்தன்மை நிறுவப்பட்டது" என்ற வரியை எடுத்துவிடுங்கள். பதிலுக்கு இப்படி எழுதலாம்: பெங்களூரில் வாழும், தமிழ் படிக்கத் தெரிந்த இத்தனை பேரிடம், இன்ன வயதில், இன்ன மாதத்தில் பெற்ற ஸ்கோர்களின் ஒமேகா இவ்வளவு, 95 சதவீத எல்லை இதிலிருந்து இதுவரை; இத்தனை பேரிடம் இத்தனை நாள் கழித்து ஐசிசி இவ்வளவு, இன்ன வகை; திட்டப் பிழை இவ்வளவு மதிப்பெண். வாசித்துக்காட்டிய பிரிவுக்கு அதே வரி தனியாக. நீக்கிய வாக்கியங்களையும் காரணத்தையும் இணைப்பில் கொடுங்கள். ஆல்பாவை ஏற்றுவதற்காக ஒவ்வொன்றாகத் தூக்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அதே டேட்டாவில் தூக்கி அதே டேட்டாவில் போட்ட ஆல்பா அடுத்த சாம்பிளில் பெரும்பாலும் இறங்கும்.

வாசித்துக் கேட்டவர்கள் பிரிவின் எண் தேறவில்லை என்றால், தாளின் தலைப்புக்குக் கீழேயே "தமிழ் தானே படிப்பவர்களுக்கு மட்டும்" என்று அச்சிடுங்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் போட்டால், ஜெராக்ஸ் எடுப்பவர் கேள்வித்தாளை மட்டும்தான் எடுத்துப் போவார்.